புகையிலையும் குடியேற்றமும்

ஒருவன் கட்டடம் ஒன்று எழுப்புகின்றான். வணிகம் நடத்துதற்கென எழுப்பினால், தெருவை நோக்கி அகன்ற வாயிலும் உள்ளே சரக்கறைகளும் அமைப்பான். மனைவி மக்களோடு வாழ்தற்கென எழுப்பினால், முற்றமும் அடுக்களையும் கிணறும் அமைப்பான். எழுப்புவோன் கருத்து யாதோ, அதற்கேற்பவே கட்டடத்தின் உருவம் அமைகின்றது. புதிய நாட்டில் குடியேறும் மக்களின் சமுதாயமும் இத்தகையதே. அவர்கள் எந்நோக்கத்தோடு சென்றனரோ, அந்நோக்கமே அவர்களுள் மேலோர் யார், கீழோர் யார், உழைப்போர் யார், உழைப்பின் பயனை நுகர்வோர் யார் என்பவற்றைப் பெரிதும் வகுத்துவிடுகின்றது. இவ்வுண்மைக்கு, பதினேழாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் வட அமெரிக்காவில் நிறுவிய முதற் குடியேற்றங்கள் சிறந்த சான்றாகும்.

அக்காலத்து இங்கிலாந்தின் நிலையை முதற்கண் அறிதல் வேண்டும். கம்பளித் துணி நெய்து வெளிநாடுகளுக்கு விற்கும் தொழில் அங்குச் செழித்திருந்தது. ஆகவே, நிலக்கிழார் பலர் ஊர்ப் பொதுநிலங்களையும் விளைநிலங்களையும் வேலியிட்டு வளைத்து, ஆடுகளை மேயவிட்டனர். வழிவழியாக உழுதுண்டு வந்த குடியானவர் பலர் நிலமிழந்தனர். மக்கள்தொகை பெருகியது, விலைவாசியும் ஏறியது. வேலையற்றோர் ஊர்தோறும் அலைந்து, இறுதியில் இலண்டன் மாநகரில் வந்து குவிந்தனர். நிலக்கிழார் குடும்பங்களிலோ தந்தையின் நிலம் மூத்த மகனுக்கே உரியதென்பது வழக்காதலின், இளைய மைந்தர் வேறு பிழைப்புத் தேட வேண்டியவராயினர். வணிகரிடம் பணம் இருந்தது; அதனைப் பெருக்கும் வழியை அவர்கள் நாடினர். ஸ்பெயின் நாட்டார் மெக்சிகோவிலிருந்தும் பெருவிலிருந்தும் பொன்னும் வெள்ளியும் கப்பல் கப்பலாகக் கொணர்ந்த செய்தி இவர்கள் அனைவர்க்கும் ஆசையூட்டியது. பணமுடைய வணிகர், நிலமற்ற உயர்குடி இளைஞர், வேலையற்ற ஏழையர் ஆகிய மூவகையினரும் மேற்றிசைக் கடலை நோக்கினர்.

1606-ஆம் ஆண்டில் முதலாம் ஜேம்ஸ் மன்னர் வர்ஜீனியாக் கம்பெனிக்குப் பட்டயம் வழங்கினார். அரசன் தன் படையை அனுப்பி நாட்டைக் கொள்ளவில்லை. அதற்கான செலவையும் அவன் ஏற்கவில்லை. பலர் சிறு சிறு தொகையாகப் பணமிட்டுச் சேர்ந்த கூட்டு வணிகக் குழுவே அப்பொறுப்பை ஏற்றது. 1609-ஆம் ஆண்டில் அதன் பங்கு ஒன்றின் விலை 12 பவுன் 10 ஷில்லிங். பிரபுக்களும் வணிகரும் கைவினைச் சங்கத்தாரும் பங்கு வாங்கினர். இக்கம்பெனியைப் பல்லாண்டுகள் முன்னின்று நடத்திய சர் தாமஸ் ஸ்மித் என்பவர் யார் தெரியுமா? 1600-ஆம் ஆண்டில் தோன்றிய கிழக்கிந்தியக் கம்பெனியின் முதல் ஆளுநரும் அவரே. பின்னாளில், 1639-ஆம் ஆண்டில் நம் சென்னைக் கடற்கரையில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டத் தொடங்கியது அக்கம்பெனியே அன்றோ? ஒரே நகரத்து வணிகர் கூட்டம் ஒரு கையை மேற்கேயும் மறு கையை கிழக்கேயும் நீட்டியது எனலாம்.

1606-ஆம் ஆண்டு டிசம்பரில் மூன்று சிறு மரக்கலங்கள் இலண்டனிலிருந்து புறப்பட்டன. அவற்றிற் சென்று 1607 மே மாதத்தில் கரையேறியோர் ஏறத்தாழ 104 பேர். அனைவரும் ஆடவரும் சிறுவருமே. பெண் ஒருவரேனும் இலர். ஓர் ஆற்றங்கரையில் முக்கோண வடிவில் மரவேலி எழுப்பி, அதற்கு மன்னரின் பெயரால் ஜேம்ஸ்டவுன் எனப் பெயரிட்டனர். வந்தோருள் பெரும்பகுதியினர் உடலுழைப்பை இழிவெனக் கருதும் உயர்குடியினர். ஏர் பிடிக்க அறிந்தோர் மிகச் சிலரே. அடுத்து வந்த கப்பலில் உழவர் வந்தனரா எனின், அதுவும் இல்லை. பொற்கொல்லரும் மணிவினைஞரும் நறுமணப் பொருள் செய்வோரும் வந்தனர்! மின்னும் மண்ணைப் பொன்னென்று எண்ணிக் கப்பலில் ஏற்றி அனுப்பினர். இலண்டனில் அது வெறும் மண் என்றே தெரியவந்தது.

இந்நிலையில் என்ன நேரும் என்பதை எவரும் ஊகித்தல் கூடும். சதுப்பு நிலத்து உப்பு நீரும் நோயும் பசியும் சேர்ந்து, முதலாண்டு முடிவதற்குள் மூன்றில் இரு பங்கினரைக் கொண்டுபோயின. எஞ்சியோர் உயிர் தரித்தது அந்நாட்டுப் பழங்குடியினர் தந்த சோளத்தினாலேயே. பவ்ஹாட்டன் என்னும் பெருந்தலைவரின் கீழ் ஏறத்தாழ முப்பது குலத்தினர் அப்பகுதியில் பயிரிட்டும் மீன்பிடித்தும் வாழ்ந்து வந்தனர். ஆங்கிலேயர் அவர்களிடம் பண்டமாற்றாகச் சோளம் பெற்றனர். கிடையாதபோது வலிந்தும் கவர்ந்தனர். 1608-ஆம் ஆண்டில் தலைமை ஏற்ற ஜான் ஸ்மித் என்னும் வீரர், உழையாதவனுக்கு உணவில்லை எனக் கட்டளையிட்டு, உயர்குடியினரையும் மரம் வெட்டச் செய்தார். அவர் காயமுற்று இங்கிலாந்து திரும்பியபின் வந்த 1609-ஆம் ஆண்டுக் குளிர்காலம் 'பட்டினிக் காலம்' என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. குதிரை, நாய், எலி ஆகியவற்றையும் தோற்காலணியையும் தின்றனர். சில நூற்றுவர் இருந்த இடத்தில், வேனிற் காலத்தில் ஏறத்தாழ 60 பேரே எஞ்சினர்.

இவ்வாறு மடிந்தோர் அனைவரும் சோம்பேறிகள் என்று கூறுதல் பொருந்தாது. நோயும் வறட்சியும் போரும் அவர்களை வருத்தின. எனினும் ஒரு காரணத்தை மறத்தலாகாது. நிலம் கம்பெனிக்குச் சொந்தம். விளைவு பொதுக் களஞ்சியத்திற்குச் செல்லும். ஆதாயம் இலண்டனில் உள்ள பங்குதாரருக்கு. உழைப்பவனுக்கு நாள்தோறும் அளந்து தரப்படும் உணவே கூலி. இந்நிலையில் ஊக்கம் எங்ஙனம் பிறக்கும்? அடுத்து வந்த தலைவர்கள் படைச்சட்டம் இயற்றி, சவுக்காலும் தூக்குக் கயிற்றாலும் வேலை வாங்கினர். அச்சத்தால் ஆகாதது பின்னர் உரிமையால் ஓரளவு ஆயிற்று. 1614-ஆம் ஆண்டளவில் பழைய குடிகளுக்கு ஆளுக்கு மூன்று ஏக்கர் நிலம் தனியே பயிரிட வழங்கப்பட்டது. உணவு விளைவு பெருகியது.

ஆயினும் கம்பெனி விரும்பியது உணவன்று, விலைபோகும் பண்டம். அதனைத் தேடித் தந்தவர் ஜான் ரால்ப் என்பவர். 1612-ஆம் ஆண்டளவில் அவர் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து பெற்ற இனிய வகைப் புகையிலை விதையை வர்ஜீனிய மண்ணில் விதைத்தார். அது செழித்து வளர்ந்தது. புகைபிடித்தலை வெறுத்து 1604-ஆம் ஆண்டில் நூலே எழுதி வெளியிட்டவர் ஜேம்ஸ் மன்னர். ஆயினும் புகையிலைச் சுங்கத்தினால் வரும் வருவாயை அவர் வெறுக்கவில்லை! 1617-ஆம் ஆண்டில் 20,000 இராத்தல் புகையிலை இங்கிலாந்துக்குச் சென்றது. பத்தாண்டுகளில் அது ஏறத்தாழ ஐந்து இலட்சம் இராத்தலாயிற்று. ஜேம்ஸ்டவுன் தெருக்களிலும் புகையிலை பயிரிடப்பட்டது. நாணயம் அரிதாயிருந்தமையால் கூலியும் வரியும் புகையிலையாகவே அளக்கப்பட்டன. 1621-ஆம் ஆண்டில் கம்பெனியார் மணப்பெண்களாக அனுப்பிய 57 மகளிருக்கு, மணந்துகொள்வோர் செலுத்த வேண்டிய வழிச்செலவும் தலைக்கு 150 இராத்தல் புகையிலை என்றே குறிக்கப்பட்டது.

இனி, இப்பயிரின் இயல்பைக் கவனியுங்கள். நாற்றுவிட்டு நடுதல், களை பறித்தல், நுனி கிள்ளுதல், பக்கக் கிளை ஒடித்தல், இலையிற் பற்றும் புழுவைக் கையாற் பொறுக்குதல், அறுத்துத் தொங்கவிட்டு உலர்த்துதல் எனப் புகையிலை ஆண்டு முழுதும் ஆளைக் கேட்கும் பயிர். மேலும், மூன்று நான்கு ஆண்டுகளில் அது நிலத்தின் வளத்தை உண்டுவிடும். உழவன் புதுநிலம் தேட வேண்டும். ஆகவே புகையிலை இரண்டு பசிகளை உண்டாக்கியது: ஒன்று நிலப்பசி, மற்றொன்று ஆட்பசி. வர்ஜீனியச் சமுதாயத்தின் அமைப்பு முழுவதையும் இவ்விரு பசிகளைக் கொண்டே விளக்கிவிடலாம்.

நிலப்பசிக்கு இரையானோர் பழங்குடியினர். அவர்தம் வயல்களும் வேட்டைக் காடுகளும் தோட்டங்களாயின. 1622 மார்ச்சு மாதத்தில் அவர்கள் பொறுமையிழந்து ஒரே நாளிற் பல ஊர்களைத் தாக்க, 347 ஆங்கிலேயர் மாண்டனர். அதன்பின் பல்லாண்டுகள் நடந்த போர்களில் பழங்குடியினரின் ஊர்களும் பயிர்களும் அழிக்கப்பட்டன. 1624-ஆம் ஆண்டில் மன்னர் கம்பெனியின் பட்டயத்தை நீக்கி, வர்ஜீனியாவைத் தம் நேராட்சிக்குக் கொண்டுவந்தார். பங்குதாரர் எதிர்பார்த்த ஆதாயம் கிட்டவேயில்லை. ஆயிரக்கணக்கானோர் சென்ற அந்நாட்டில் அப்போது உயிரோடிருந்த குடியேற்றத்தார் ஏறத்தாழ 1,200 பேரே. கம்பெனி மறைந்தது, அது விதைத்த வித்து மறையவில்லை.

ஆட்பசியைத் தணிக்க 1618-ஆம் ஆண்டில் ஒரு விதி வகுக்கப்பட்டது. ஒருவருடைய கப்பற் செலவை ஏற்று அவரைக் கொண்டு வருபவர்க்குத் தலைக்கு 50 ஏக்கர் நிலம் என்பது அவ்விதி. செல்வன் பத்துப் பேரைக் கொணர்ந்தால் 500 ஏக்கர் நிலமும் பெறுவான். அதில் உழைக்கப் பத்து ஆட்களும் பெறுவான். இங்கிலாந்தில் வேலையின்றி அலைந்த ஏழை இளைஞர் இவ்வாறு வந்தனர். கப்பற் செலவுக்கு ஈடாக, நான்கு முதல் ஏழாண்டுகள் வரை கூலியின்றி உழைப்பதாக அவர்கள் ஒப்பந்தம் எழுதித் தந்தனர். நம் நூல்களில் ஆளோலை என்னும் சொல் வழங்குதலை நீங்கள் அறிவீர்கள். சுந்தரர் வரலாற்றில் முதியவர் ஒருவர் சபை நடுவே காட்டிய ஓலை அதுவே. இவ்வொப்பந்தமும் காலவரையறை உடையதோர் ஆளோலை எனலாம். பதினேழாம் நூற்றாண்டில் அப்பகுதிக்குச் சென்ற ஆங்கிலேயருள் ஏறத்தாழ நான்கில் மூவர் இவ்வாறு சென்றோரே. இத்தகைய ஒப்பந்த முறையிலேயே, 1860-ஆம் ஆண்டு முதல் நம் தமிழ் மக்கள் பலரும் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குச் சென்றனர் என்பதையும் இங்கு நினைவிற் கொள்ளுதல் தகும்.

ஒப்பந்தப் பணியாளை அவன் தலைவன் பிறர்க்கு விற்கலாம், சவுக்கால் அடிக்கலாம். தலைவன் இசைவின்றிப் பணியாள் மணம்புரிதல் கூடாது. தப்பியோடினால் பணிக்காலம் நீட்டப்படும். நோயினால் பலர் காலம் முடியுமுன்னரே மாண்டனர். பிழைத்தோர் ஆடையும் தானியமும் பெற்று விடுதலை அடைந்தனர். தொடக்க காலத்தில் அவர்களுட் சிலர் நிலம் வாங்கி உரிமைக் குடிகளாயினர். ஒரு சிலர் மன்றத்திலும் இடம்பெற்றனர். ஆற்றங்கரை நிலமெல்லாம் பெருந்தோட்டக்காரர் கைக்குச் சென்றபின், விடுதலை பெற்றவனுக்கு எல்லைப்புறக் காடோ பிறர் நிலத்தில் குத்தகையோ அன்றி வேறு வழி இலதாயிற்று.

1619-ஆம் ஆண்டு இரு காரணங்களால் நினைவிற் கொள்ளத் தக்கது. அவ்வாண்டு ஜூலை 30-ஆம் நாள், ஜேம்ஸ்டவுன் மாதா கோயிலில் ஊர்ப் பிரதிநிதிகள் 22 பேர், ஆளுநரோடும் அவர் ஆலோசகரோடும் கூடிச் சட்டம் இயற்ற அமர்ந்தனர். அமெரிக்காவில் ஆங்கிலேயர் நாட்டிய மக்கள் மன்றங்களுள் முதலாவது அதுவே. அடுத்த மாத இறுதியில், போர்த்துகீசியக் கப்பலிலிருந்து கவர்ந்த ஆப்பிரிக்கர் இருபதின்மருக்குச் சற்று மேற்பட்டோரை ஓர் ஆங்கிலேயக் கப்பல் கொண்டுவந்து, உணவுப் பொருளுக்கு மாற்றாகக் கொடுத்தது. உரிமை பேசும் மன்றமும் உரிமையற்ற மாந்தரும் ஒரே கோடையில் அந்நாட்டிற் புகுந்தனர்.

தொடக்கத்தில் ஆப்பிரிக்கரின் நிலை தெளிவாக வரையறுக்கப்படவில்லை. 1621-ஆம் ஆண்டில் வந்த ஆப்பிரிக்கர் ஒருவர், பின்னர் ஆந்தனி ஜான்சன் எனப் பெயர் பூண்டு விடுதலை பெற்று, 1651-ஆம் ஆண்டில் 250 ஏக்கர் நிலத்துக்கு உரியவரானார். அவரும் தம் நிலத்தில் ஆட்களை வைத்து வேலை வாங்கினார். எனினும் காலம் மாறி வந்தது. 1640-ஆம் ஆண்டில் பணியாட்கள் மூவர் ஒருங்கே தப்பியோடிப் பிடிபட்டனர். ஐரோப்பியர் இருவர்க்கும் நான்காண்டுகள் கூடுதற் பணி விதிக்கப்பட்டது. ஜான் பஞ்ச் என்னும் ஆப்பிரிக்கருக்கோ, வாழ்நாள் முழுதும் பணி செய்க என்பது தீர்ப்பு. குற்றம் ஒன்றே, தண்டனை இரண்டு! நடுவுநிலை தவறிய அந்நாள், நிறம் நீதிமன்றத்தில் சாட்சியாக ஏறிய நாள் எனலாம்.

அதன்பின் சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. 1662-ஆம் ஆண்டுச் சட்டம், தாய் அடிமையாயின் சேயும் அடிமை என்றது. 1667-ஆம் ஆண்டுச் சட்டம், கிறித்தவ சமயம் தழுவினும் அடிமைத்தளை நீங்காது என்றது. ஆந்தனி ஜான்சன் இறந்தபின் 1670-ஆம் ஆண்டில், அவர் கறுப்பர், ஆகவே அயலார் எனக் கூறி, வர்ஜீனியாவில் அவர் விட்டுச்சென்ற நிலம் அரசுக்கே உரியதென முறைகாண் குழுவினர் முடிவு செய்தனர். அவ்வாண்டிலேயே நிலமற்ற வெள்ளையர்க்கும் வாக்குரிமை மறுக்கப்பட்டது.

1676-ஆம் ஆண்டில் நத்தானியல் பேக்கன் என்னும் தோட்டக்காரர் ஆளுநருக்கு எதிராகக் கிளர்ச்சி செய்தார். பழங்குடியினரைத் தாக்கி அவர்தம் நிலத்தைக் கொள்ளுதல் வேண்டும் என்பதே அக்கிளர்ச்சியின் தொடக்கம். ஆதலின் அதனை விடுதலைப் போர் எனப் புகழ்தல் இயலாது. எனினும், நிலமற்ற வெள்ளையரும் ஒப்பந்தப் பணியாட்களும் ஆப்பிரிக்க அடிமைகளும் அதில் ஒருங்கு நின்று போராடினர். ஜேம்ஸ்டவுன் நகர் எரிந்து சாம்பலாயிற்று. ஏழையர் நிறம் பாராது ஒன்றுபடுதல் கூடும் என்பதைக் கண்டு பெருந்தோட்டக்காரர் அஞ்சினர். இங்கிலாந்திலிருந்து வரும் பணியாட்களும் அக்காலத்தில் அருகினர். ஆகவே, என்றும் விடுதலை பெறாத ஆப்பிரிக்க அடிமைகளையே அவர்கள் மிகுதியாக வாங்கலாயினர். 1705-ஆம் ஆண்டின் சட்டத்தொகுப்பு அடிமைகளை நிலத்தோடொத்த உடைமையாக்கியது. வெள்ளைப் பணியாளுக்கோ விடுதலையின்போது தானியமும் பணமும் துப்பாக்கியும் தருமாறு விதித்தது. ஏழை வெள்ளையன் தனக்குக் கீழும் ஒருவன் உளன் என எண்ணி அமைதியுற இது வழி செய்தது.

வடக்கே மாசசூசெட்ஸ் பகுதியில் அமைந்த குடியேற்றம் வேறு வகையினது. 1620-ஆம் ஆண்டில் மேபிளவர் கப்பலில் 102 பேர் பிளிமத்தில் வந்திறங்கினர். 1630-ஆம் ஆண்டில் ஜான் வின்திராப் தலைமையில் பெருங்கூட்டம் வந்தது. தம் சமய நெறிப்படி வாழ இடந்தேடி வந்தோர் இவர்களுட் பலர். அவர்களும் வணிகர் பணத்தைக் கொண்டே வந்தனர், ஆதாயத்தை வெறுத்தாரல்லர். ஆனால் மனைவி மக்களோடு நிலையாக வாழ வந்தனர். அங்குக் குளிர் மிகுதி, கல் நிறைந்த நிலம். புகையிலைத் தோட்டம் அமைத்தல் இயலாது. ஆகவே குடும்பமே உழைத்துப் பயிரிடும் சிறு பண்ணைகளும், கோயிலைச் சூழ்ந்த ஊர்களும், மீன்பிடித்தலும், கப்பல் கட்டுதலும் தோன்றின. 1636-ஆம் ஆண்டில் ஹார்வர்டு கல்லூரி நிறுவப்பட்டது. 1647-ஆம் ஆண்டில், 50 குடும்பங்கள் உள்ள ஊர் ஆசிரியர் ஒருவரை அமர்த்த வேண்டும் எனச் சட்டம் பிறந்தது. வர்ஜீனியாவிலோ தோட்டங்கள் ஆற்றோரமாகச் சிதறிக் கிடந்தமையால் ஊர்களும் பள்ளிகளும் அரியவாயின.

எனினும் வடக்கைக் குற்றமற்றதெனக் கருதலாகாது. அங்கும் மாற்றுக் கருத்துடையோர் நாடு கடத்தப்பட்டனர். பழங்குடியினர் போரில் அழிந்தனர். 1641-ஆம் ஆண்டிலேயே அடிமை முறைக்குச் சட்டத்தில் இடம் தரப்பட்டது. அன்றியும், அவர்கள் பிடித்த மீனும் வெட்டிய மரமும் பார்படோஸ் முதலிய கரும்புத் தீவுகளுக்குச் சென்றன. அத்தீவுகளில் உழைத்தோர் அடிமைகளே. தாமே நேரிற் பெரும்பான்மையும் அடிமைகளை வையாதோரும், அடிமை உழைப்பின் பயனில் பங்கு பெற்றனர்.

மாணவர்களே, இவ்வரலாற்றினால் நாம் அறிவது யாது? வர்ஜீனியாவுக்குச் சென்றோர் அடிமை நாடு ஒன்றை அமைப்போம் எனத் திட்டமிட்டுக் கப்பலேறவில்லை. ஆதாயம் வேண்டும் என்றனர். ஆதாயத்திற்குப் புகையிலை வேண்டும் என்றனர். புகையிலைக்கு ஆள் வேண்டும் என்றனர். ஆள் விட்டுப்போகாதிருக்கச் சட்டம் வேண்டும் என்றனர். ஒவ்வோர் அடியும் அதற்கு முந்தைய அடியினின்று இயல்பாகப் பிறந்தது போலவே அவர்களுக்குத் தோன்றியது. இறுதியில் மனிதன் மனிதனைப் பண்டமாகக் கணக்கிட்டு ஏட்டில் எழுதினான். அந்த ஏட்டைக் கிழிக்க அமெரிக்கருக்கு உள்நாட்டுப் பெரும்போர் ஒன்று வேண்டியதாயிற்று. 1865-ஆம் ஆண்டிலேதான் அந்நாட்டில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அதன் வடு அதன்பின்னும் நெடுங்காலம் ஆறவில்லை.

பொருளீட்டுதல் குற்றமன்று, பொருளின்றி எந்நாடும் வாழாது. ஆனால், ஈட்டும் பொருளுக்காக உழைப்பவன் யார், அவனுக்குக் கிடைப்பது யாது, அவன் விரும்பினால் விலகிச் செல்லும் உரிமை உண்டா என்னும் மூன்று வினாக்களை, தொழில் தொடங்கும் நாளிலேயே கேட்டல் வேண்டும். ஜேம்ஸ்டவுனில் முதல் நாற்று நட்டபோது அவ்வினாக்களைக் கேட்பார் இலராயினர். நீங்கள் வளர்ந்து ஒரு தொழிலையோ நிறுவனத்தையோ தொடங்குங்கால், அவற்றைக் கேட்க மறவாதீர்கள்.